இழுத்தாலும் அணையாத வெளிச்சம்: நீளும் ஒளித்திரை பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மொரீசியஸில் ஒரு பின்னலாடை ஆலையின் சோதனை அறையில் 17 வருடமாக வேலை பார்க்கிறேன். துணியை இழுத்து, விட்டு, அது எவ்வளவு திரும்பி வருகிறது என்று அளப்பதுதான் என் தொழில். சில வருடங்களுக்கு முன் ஒரு காணொளி எங்கள் ஆலை முழுக்கக் கைபேசிகளில் சுற்றியது. விரல் மூட்டின் மேல் ஒட்டிய ஒரு சின்ன மஞ்சள் வெளிச்சம், விரலை மடக்கினாலும் நீட்டினாலும் அணையவில்லை. ரப்பர் மாதிரி இழுத்தால் நீளும் ஒளித்திரை அது. "இழுபடுற விஷயம்தானே, அக்காவுக்குத் தெரியும்" என்று அன்று முதல் கேள்விகள் என்னிடம் வர ஆரம்பித்தன. தேநீர் இடைவேளையில் தையல் பிரிவுப் பெண்கள், ரோஸ் ஹில்லில் நான் போகிற சனிக்கிழமைத் தமிழ் வகுப்பின் பிள்ளைகள், அவர்களுடைய அப்பாக்கள், எல்லோருக்கும் ஏறக்குறைய ஒரே சந்தேகங்கள்தான். அவரவர் கேட்ட வார்த்தையிலேயே எழுதி, எனக்குத் தெரிந்த பதிலைக் கீழே வைத்திருக்கிறேன்.

வளையுற திரைதான் போன்லயே வந்துடுச்சே அக்கா, இதுல புதுசா என்ன இருக்கு?

உங்கள் பையில் இருக்கிற 50 ரூபாய் நோட்டை எடுங்கள். 2013-இல் வந்த பாலிமர் நோட்டு, நம் தமிழ் எழுத்து அச்சான அதே நோட்டு. சுருட்டுங்கள், சுருளும். மடியுங்கள், மடங்கும். இப்போது இரண்டு முனையையும் பிடித்து இழுத்துப் பாருங்கள். நீளாது. 2019 முதல் கடையில் கிடைக்கிற மடக்கும் போன்களின் திரையும் இந்த நோட்டு மாதிரிதான்.

வளைவதற்குப் பொருள் மெல்லியதாக இருந்தால் போதும். ஒரு தாளை வளைக்கும்போது வெளிப்பக்கம் கொஞ்சம் நீள்கிறது, உள்பக்கம் கொஞ்சம் சுருங்குகிறது. கனம் குறையக் குறைய அந்த நீட்சியும் குறையும். ஆனால் இழுக்கும்போது தாள் மொத்தமும் நீள வேண்டும், அங்கே மெல்லியதாக இருப்பது கைகொடுக்காது. உடம்பில் அணிகிற பொருளுக்கு இந்த வித்தியாசம் முக்கியம். என் முழங்கையின் வெளிப்பக்கம், கையை நீட்டி வைத்துக்கொண்டு பேனாவால் 6 செ.மீ. கோடு போட்டேன். கையை மடக்கி அளந்தபோது அது 8 செ.மீ. இருந்தது. நம் தோலே மூன்றில் ஒரு பங்கு நீள்கிறது. அதன்மேல் நீளாத ஒன்றை ஒட்டினால் ஒன்று உரியும், இல்லை உடையும்.

"100 சதவீதம் நீளும்"னு போட்டிருக்காங்களே, அப்படின்னா என்ன?

இரு மடங்கு ஆகும் என்று அர்த்தம். 10 செ.மீ. துண்டு 20 செ.மீ. ஆகிவிட்டால் 100 சதவீதம், 13 செ.மீ. ஆகிவிட்டால் 30 சதவீதம். எங்கள் ஆலையில் துணிக்கும் இதே கணக்குதான்.

ஆனால் இந்த எண் பாதிக் கதைதான். சூயிங் கம்கூட 500 சதவீதம் நீளும், திரும்பி வராது. எவ்வளவு நீளும் என்று கேட்பதை விட, விட்டபின் எவ்வளவு திரும்பி வரும் என்று கேளுங்கள். கீழே பல பதில்களில் இந்த இடத்துக்கே திரும்பி வருவேன்.

ரப்பர் எப்படி வெளிச்சம் தரும்? உள்ளே சின்ன பல்பு இருக்கா?

பல்பு கிடையாது. இரண்டு வழிகள் இருக்கின்றன.

பழைய வழி ஒரு பொடி. 1936-இல் ஜார்ஜ் டெஸ்ட்ரியோ என்ற பிரெஞ்சு அறிவியலாளர், துத்தநாக சல்ஃபைடு பொடியின் மேல் மாறுதிசை மின்சாரத்தைச் செலுத்தினால் அது ஒளிர்வதைக் கண்டார். செம்பு சேர்த்தால் நீலப்பச்சை, மாங்கனீஸ் சேர்த்தால் மஞ்சள் கலந்த ஆரஞ்சு. இந்தப் பொடியை சிலிக்கோன் ரப்பரில் பிசைந்து தகடாக்கி, இரண்டு பக்கமும் மின்சாரம் கடத்துகிற, இழுபடும் அடுக்கு வைத்தால் நீளும் விளக்கு தயார். அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தார் 2016-இல் காட்டியது இதுதான். அவர்களுடைய தகடு 480 சதவீதத்துக்கு மேல் நீண்டது, அதாவது 10 செ.மீ. 58 செ.மீ. வரை.

புதிய வழி, தானே ஒளிரும் கரிமப் பொருள், நாம் ஓ.எல்.இ.டி. என்று சொல்வது. கோடாக் நிறுவனத்தில் சிங் டாங்கும் ஸ்டீவன் வான் ஸ்லைக்கும் 1987-இல் இதன் முதல் நல்ல வடிவத்தைச் செய்தார்கள். 1990-இல் கேம்பிரிட்ஜ் குழு, பிளாஸ்டிக் வகையைச் சேர்ந்த ஒரு பாலிமரையே ஒளிர வைத்தது. ஒரு பக்கத்திலிருந்து எலக்ட்ரான் வருகிறது, மறுபக்கத்திலிருந்து அது இல்லாத காலியிடம் வருகிறது, இரண்டும் நடுவில் சந்திக்கும்போது ஒளி பிறக்கிறது. இதற்குச் சில வோல்ட் போதும். பொடி வழிக்கு நூறு வோல்ட்டுக்கு மேல் வேண்டும். இந்த வித்தியாசம் பின்னால் ஷாக் பற்றிய கேள்வியில் உதவும்.

சாதாரண எல்.இ.டி.யையே ரப்பர்ல வரிசையா ஒட்டிட்டா போதாதா?

போதும், கடைக்கு மிக அருகில் வந்திருப்பதும் அதுதான். ஒவ்வொரு புள்ளியையும் விறைப்பான ஒரு சின்னத் தீவாக வைத்து, தீவுக்குத் தீவு நெளிநெளியான கம்பி இழுப்பார்கள். இழுக்கும்போது நெளிவு நிமிரும், தீவு அப்படியே இருக்கும். எல்ஜி டிஸ்பிளே 2024 நவம்பரில் காட்டிய மாதிரி இந்த வகை. 12 அங்குலத் திரை 18 அங்குலமாக, 50 சதவீதம் நீண்டது.

இன்னொரு உத்தியைப் பார்த்ததும் எங்கள் தையல் பிரிவு நினைவுக்கு வந்தது. பாவாடை இடுப்பில் எலாஸ்டிக் வைக்கும்போது என்ன செய்கிறோம்? எலாஸ்டிக்கை இழுத்துப் பிடித்துக்கொண்டு துணியைத் தைக்கிறோம், விட்டதும் துணி சுருக்கம் சுருக்கமாக நிற்கிறது. 2013-இல் ஒரு குழு 1.4 மைக்ரோமீட்டர் (மைக்ரோமீட்டர் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) கனமுள்ள பாலியஸ்டர் படலத்தில் விளக்கைச் செய்து, இழுத்துப் பிடித்த ரப்பரில் ஒட்டி, ரப்பரை விட்டது. படலம் சுருங்கி மடிப்பு மடிப்பாகி, அதன்பின் இழுக்கும்போதெல்லாம் மடிப்பு விரிந்தது. விளக்கு உண்மையில் நீளவே இல்லை, வளைந்து நிமிர்ந்தது மட்டும்தான்.

இரண்டிலும் குறை ஒன்றுதான், ஒளி சீராக இருக்காது. தீவு வகையில் இழுத்தால் புள்ளிகளுக்கு நடுவே இருட்டு அகலும். சுருக்க வகையில் ஒளி நெளிநெளியாகத் தெரியும். பொருளே நீண்டால் இந்தக் குறை இருக்காது என்பதால்தான் அடுத்த கேள்வி எனக்கு மிகவும் பிடித்தது.

பொருளே நீளணும்னா அதுல அப்படி என்ன கஷ்டம்?

ஒளிர்கிற பாலிமர் என்பது அணுக்கள் கோத்த நீளமான சங்கிலி. அதில் அணுக்களுக்கு நடுவே ஒற்றைப் பிணைப்பும் இரட்டைப் பிணைப்பும் மாறி மாறி வரும். மின்சாரம் ஓட அந்த ஒழுங்கு வேண்டும், அதே ஒழுங்குதான் சங்கிலியை வேகாத நூடுல்ஸ் மாதிரி விறைப்பாக்குகிறது. இழுபட வேண்டுமானால் சங்கிலி வெந்த நூடுல்ஸ் மாதிரி சுருண்டு, ஒன்றன்மேல் ஒன்று வழுக்க வேண்டும். ஒளிக்கு வேண்டியதும் இழுவைக்கு வேண்டியதும் எதிரும் புதிருமாக நிற்கின்றன. பல வருடங்கள் ஆராய்ச்சியாளர்கள் ஒன்றைக் கூட்டினால் மற்றது குறைவதைத்தான் பார்த்தார்கள்.

2022-இல் ஸ்டான்ஃபோர்டில் ஸெனான் பாவ் குழு ஒளிரும் மஞ்சள் பாலிமரோடு பாலியூரித்தேனைக் கலந்தது. பாலியூரித்தேன் மின்சாரம் கடத்தாது, அதனால் வெளிச்சம் மங்கும் என்றுதான் யாரும் நினைப்பார்கள். நடந்தது வேறு. ஒளிரும் பாலிமர் அந்த மெத்தென்ற பொருளுக்குள் மெல்லிய நார் வலையாகப் பிரிந்து நின்றது, மின்னூட்டங்கள் மாட்டிக்கொண்டு வீணாகும் பொறிகளும் நீர்த்துப் போயின. ஒளி கூடியது. வெளிச்சத்தை அளக்கும் கேண்டெலா கணக்கில் சதுர மீட்டருக்கு 7,450 வரை எட்டியது, 100 சதவீதம் வரை இழுக்கவும் முடிந்தது.

இதைப் படித்த அன்று எனக்கு ஏன் அவ்வளவு சந்தோஷம் என்றால், பாலியூரித்தேன் எங்கள் வீட்டுப் பிள்ளை. லைக்ரா என்று நாம் சொல்கிற எலாஸ்டேன் நூலே அதுதான். 1958-இல் டூபாண்ட் நிறுவனத்தில் ஜோசப் ஷிவர்ஸ் உருவாக்கிய அந்த நூலில், மெத்தென்ற நீளமான துண்டும் விறைப்பான சின்னத் துண்டும் மாறி மாறி வரும். மெத்தென்றது நீளும், விறைப்பானது பிடித்து வைத்துக்கொண்டு பழைய இடத்துக்கு இழுத்து வரும். 2023-இல் சிகாகோ பல்கலைக்கழகத்தார் செய்ததும் இதற்கு ஒன்றுவிட்ட உறவு: விறைப்பான ஒளிரும் துண்டுகளுக்கு நடுவே மெத்தென்ற கார்பன் சங்கிலித் துண்டுகளைக் கோத்தார்கள். அது 125 சதவீதம் நீண்டது.

சிகாகோ பொருளில் இன்னொரு சிறப்பும் உண்டு. எலக்ட்ரானும் காலியிடமும் சேரும் நான்கு ஜோடிகளில் ஒன்றுதான் சாதாரணமாக ஒளி தரும், மூன்று வெப்பமாக வீணாகும். சுற்றியுள்ள வெப்பத்தையே பயன்படுத்தி அந்த மூன்றையும் ஒளிக்குத் திருப்பும் வழியை ஜப்பானில் சிஹாயா அடாச்சி குழு 2012-இல் காட்டியிருந்தது. அதை இழுபடும் பொருளுக்குள் கொண்டுவந்தவர்கள் சிகாகோக்காரர்கள்.

மின்சாரம் போற கம்பி அறுந்துடாதா?

சாதாரணத் திரையில் இருப்பது அறுந்துவிடும். கண்ணாடி மாதிரித் தெளிவான இண்டியம் டின் ஆக்சைடு அடுக்கு ஒன்றிரண்டு சதவீதம் நீண்டாலே விரிசல் விடும். அதற்குப் பதில் வெள்ளி நுண்கம்பிகளைத் தேங்காய் நார் மாதிரி குறுக்கும் நெடுக்குமாகப் பரப்புவார்கள். இழுக்கும்போது நார்கள் ஒன்றன்மேல் ஒன்று நகர்ந்தாலும் தொடுகை விடாது. 2013-இல் கலிஃபோர்னியாவில் சிபிங் பெய் குழு இந்த வெள்ளி வலையை வைத்துத்தான் முழுக்க ரப்பர் போன்ற பாலிமர் விளக்கைச் செய்தது. கார்னெல் தகட்டில் உப்பு கலந்த ஜெல் இருந்தது. காலியமும் இண்டியமும் கலந்த, அறை வெப்பத்தில் திரவமாகவே இருக்கிற உலோகத்தையும் சிலர் பயன்படுத்துகிறார்கள்.

இழுத்தா வெளிச்சம் குறையுமா, கூடுமா?

இரண்டும் நடக்கும். பொடி வகையில் இழுக்க இழுக்கத் தகடு மெலிகிறது. அதே வோல்ட் குறைந்த கனத்தின் மேல் விழுவதால் மின்புலம் கூடி, சில மாதிரிகள் ஒரு கட்டம் வரை பிரகாசமாகும். ஆனால் அதே பொடி அதிகப் பரப்பில் பரவுகிறது, மேலே சொன்ன வெள்ளி வலையின் மின்தடையும் ஏறுகிறது, அதனால் பிறகு மங்கும். ஓ.எல்.இ.டி. வகையில் பெரும்பாலும் மங்கல்தான். படம் காட்டும் திரையில் இதைச் சரிக்கட்ட வேண்டும், இல்லையென்றால் முழங்கையை மடக்கும் ஒவ்வொரு முறையும் படத்தின் நடுவே கறை மாதிரி தெரியும்.

தைப்பூசத்துக்கு என் மகன் காவடியில இதைக் கட்டலாமா? வெயில்ல தெரியுமா?

கேட்ட அண்ணனின் ஆசை எனக்குப் புரிகிறது. மயில்தோகைக்கு நடுவே மெல்ல ஒளிரும் ஒரு துணி இருந்தால் அழகாகத்தான் இருக்கும். ஆனால் நம் காவடி பகலில், தை மாத வெயிலில் போகிறது. நடுப்பகல் வெயிலில் ஒரு வெள்ளை வேட்டி திருப்பி அனுப்பும் ஒளியே சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 25,000 கேண்டெலா. கடையில் வாங்கும் பொடி வகை ஒளிர்தகடு ஒன்று 100 அளவில் தரும். மேலே சொன்ன ஸ்டான்ஃபோர்டு பொருளின் உச்சமே 7,450தான். கோர் தெ கார்த் மலைக் கோயில் படியேறும் வெளிச்சத்தில் அந்தத் தகடு அணைந்த மாதிரித்தான் தெரியும்.

விடியுமுன் ஆற்றங்கரையில் காவடி கட்டும் நேரம் என்றால் அழகாகத் தெரியும். அப்போதும் உடம்பில் படாமல் கட்டுங்கள். பாலும் தண்ணீரும் சிந்துகிற இடத்தில் மின்சாரம் வேண்டாம். காரணம் அடுத்த இரண்டு பதில்களில்.

வேர்வை பட்டா? மழையில நனைஞ்சா? துவைக்கலாமா?

நான் மிகவும் கவலைப்படுகிற இடம் இதுதான். ஒளிரும் கரிமப் பொருளுக்கு ஈரமும் ஆக்சிஜனும் பகை. நல்ல ஓ.எல்.இ.டி. திரைக்குள் ஒரு நாளைக்கு ஒரு சதுர மீட்டர் வழியே ஒரு கிராமில் பத்து லட்சத்தில் ஒரு பங்குக்கு மேல் நீராவி நுழையக்கூடாது என்பது தொழிலின் கணக்கு. கண்ணாடி அதைத் தடுக்கும், ஆனால் நீளாது. சிலிக்கோன் ரப்பர் நன்றாக நீளும், ஆனால் நீராவி அதன் வழியே தாராளமாகப் போய்வரும். இழுபடவும் வேண்டும், ஈரத்தை அடைக்கவும் வேண்டும் என்றால் இன்னும் முழு விடை வரவில்லை.

பொடி வகையும் ஈரத்தில் கெடும். ஒரு முறை உள்ளங்கை அளவு ஒளிர்தகடு வாங்கி, கத்தரிக்கோலால் பாதியாக வெட்டினேன். வெட்டிய பாதியும் எரிந்தது, சந்தோஷப்பட்டேன். கியூர்பிப்பில் என் வீடு, அலமாரித் துணியில் பூஞ்சை பிடிக்கிற ஊர். தினமும் இரவில் ஏற்றி வைத்தேன். மூன்றாவது வாரம் வெட்டிய ஓரத்தில் மட்டும் பழுப்புக் கோடு. ஒவ்வொரு வாரமும் அது உள்ளே நகர்ந்தது, பூஞ்சை மாதிரியே. ஒட்டுறை இருந்த மற்ற மூன்று ஓரமும் நன்றாகவே இருந்தன. தயாரிப்பாளர்கள் ஒவ்வொரு பொடித் துகளுக்கும் மெல்லிய ஆக்சைடு உறை போடுவது ஏன் என்று அன்று கண்ணால் பார்த்தேன்.

துவைப்பதைப் பொறுத்தவரை, 2021-இல் ஷாங்காயின் ஃபுடான் பல்கலைக்கழகத்தார் நெய்த ஒளிர்துணி இயந்திரத்தில் பலமுறை துவைத்தும் தாங்கியது. தோலில் ஒட்டும் ஓ.எல்.இ.டி. பட்டைக்கு அந்த நம்பிக்கையை நான் தரமாட்டேன்.

ஷாக் அடிக்குமா?

ஓ.எல்.இ.டி. வகைக்குச் சில வோல்ட்தான், பயமில்லை. பொடி வகைக்கு 100 வோல்ட்டுக்கு மேல், நொடிக்குச் சில நூறிலிருந்து சில ஆயிரம் முறை திசை மாறும் மின்சாரம் வேண்டும். ஒரு சின்னப் பெட்டி பேட்டரியிலிருந்து அதை உண்டாக்கும். காதருகே வைத்தால் கொசு மாதிரி ஒரு கீச்சொலி கேட்கும். மின்னோட்டம் மிகக் குறைவு என்றாலும் உறை கிழிந்த இடத்தை ஈரக் கையால் தொட்டால் சுள்ளென்று இருக்கும். நான் வெட்டிப் பார்த்தது சோதனை மேசையில், மின்சாரத்தைத் துண்டித்துவிட்டு. வெட்டிய தகட்டை யாரும் உடம்பில் கட்ட வேண்டாம்.

நம்ம ஆலைகள்ல இதைச் செய்ய முடியுமா?

எங்கள் ஆட்கள் இதைக் கேட்கும்போது குரலில் ஒரு பயம் இருக்கும். 1970-இல் ஏற்றுமதி மண்டலச் சட்டம் வந்த பிறகுதான் இந்தத் தீவில் ஆலைகள் பெருகின. எத்தனையோ குடும்பங்கள் அதில்தான் வீடு கட்டின, பிறகு ஆலைகள் மூடியதையும் பார்த்தோம். அதனால் நேராகச் சொல்கிறேன். ஓ.எல்.இ.டி. வகை நம்மால் இப்போது முடியாது. அதற்குத் தூசியில்லாத அறை, காற்றில்லாமல் நைட்ரஜன் நிரப்பிய பெட்டி எல்லாம் வேண்டும்.

பொடி வகை வேறு. அதை மையாக்கி, டி-சட்டைக்குப் படம் போடுகிற அதே ஸ்கிரீன் பிரிண்டிங் சட்டத்தில் அடுக்கடுக்காக அச்சிடலாம். ஃபுடான் துணி 6 மீட்டர் நீளம், 25 செ.மீ. அகலம், அதில் ஏறக்குறைய 5 லட்சம் ஒளிப்புள்ளிகள். ஒளிரும் பொடி பூசிய நூல் பாவு, மின்சாரம் கடத்தும் தெளிவான நூல் ஊடு, இரண்டும் குறுக்கிடும் இடமெல்லாம் ஒரு புள்ளி. தறி தெரிந்தவர்களுக்கு இது அந்நியமான வேலை இல்லை. நம் கைக்கு முதலில் எட்டக்கூடியது இந்த வழிதான் என்று நான் நம்புகிறேன்.

ஃபேஷனுக்குத்தானா, வேற உருப்படியான உபயோகம் உண்டா?

உண்டு, எனக்கு அதில்தான் ஆர்வம். விரலில் மாட்டி ரத்தத்தின் ஆக்சிஜனைப் பார்க்கும் கருவி, இரண்டு நிற ஒளியைத் தோல் வழியே அனுப்பித்தான் அளக்கிறது. டோக்கியோவில் தகாவோ சோமேயா குழு 2016-இல் மொத்தக் கனம் 3 மைக்ரோமீட்டர் உள்ள படலத்தில் பச்சை, சிவப்பு விளக்குகளையும் ஒளியுணரியையும் வைத்து, விரலில் ஒட்டி அதை அளந்து காட்டியது. கவ்வி இல்லை, இறுக்கம் இல்லை. மஞ்சள் காமாலை வரும் பச்சிளம் குழந்தைகளுக்கு நீல ஒளி சிகிச்சை தருகிறோம். உடம்போடு ஒட்டி நீளும் ஒளித்துணியில் குழந்தையைச் சுற்றினால் தாய் மடியிலேயே வைத்துக்கொள்ளலாம். ஆனால் நீலம்தான் ஓ.எல்.இ.டி. நிறங்களில் சீக்கிரம் தேய்வது, அது முதலில் தீர வேண்டும்.

கடையில "ஒளிரும் துணி"ன்னு விக்கறாங்களே, அது இதுதானா?

பெரும்பாலும் இல்லை. ஒளியிழை நெய்த துணி, எல்.இ.டி. பட்டி தைத்த சட்டை, பொடி வகைத் தகடு ஒட்டியது, இந்த மூன்றில் ஒன்றாக இருக்கும். மெல்ல இழுத்துப் பாருங்கள், ஒளிரும் இடம் நீளாது, சுற்றியுள்ள துணிதான் நீளும். இரவில் சைக்கிள் ஓட்டுகிற பிள்ளைக்கு வேண்டுமென்றால் அதுவும் நல்ல பொருள்தான். மின்சாரமே வேண்டாத பிரதிபலிப்புப் பட்டி தைத்த சட்டை அதைவிட நம்பகமானது.

உங்க மேசைக்கு ஒரு நீளும் திரை வந்தா முதல்ல என்ன சோதிப்பீங்க?

பொறியியல் படிக்கிற ஒரு தம்பி கேட்டது. துணிக்குச் செய்வதையே செய்வேன். 10 செ.மீ. இடைவெளியில் இரண்டு கோடு போட்டு, 13 செ.மீ.க்கு இழுத்து விடுவேன், ஆயிரம் முறை. முழங்கை ஒரு நாளில் அதைவிட அதிகமாக மடங்கும். பிறகு அரை மணி நேரம் ஓய்வு கொடுத்துக் கோட்டை அளப்பேன். 10.3 வந்தால் தோலில் ஒட்டியபோது 3 மி.மீ. தொங்கும், அங்கே சுருக்கம் விழும், சுருக்கம் விழும் இடத்தில்தான் அடுத்த விரிசல். அதன்பின் இருட்டறையில் ஏற்றி, புதிய துண்டை அருகில் வைத்து வெளிச்சத்தை ஒப்பிடுவேன். இதை எல்லாம் உலர்ந்த அறையில் ஒரு முறை, ஜனவரி மாத ஈரக் காற்றில் ஒரு முறை.

கடைசியில் பூதக்கண்ணாடி எடுத்து நான்கு ஓரத்தையும் பார்ப்பேன், பழுப்புக் கோடு எங்கே தொடங்குகிறது என்று.